கால் என்றால் நில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நடத்தும் டேக்வாண்டோ வகுப்பில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ‘கால்’ என்ற சொல்தான். உதைப்பதே பிழைப்பாக இருக்கிற விளையாட்டில் காலைச் சொல்லக் கூடாதாம் என்று பெற்றவர்கள் சிரிக்கிறார்கள். யாராவது மறந்துபோய்ச் சொன்னால் பத்துத் தண்டால். பிள்ளைகள் பிழைக்கத் தெரிந்தவர்கள். “அக்கா, கீழ்க்கை வலிக்குக்கா” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். போன மாதம் ஒருத்தி வந்து, “நாற்காலின்னு சொல்லலாமாக்கா?” என்று கேட்டாள். “உக்காரப் போறேன்னா சொல்லு” என்றேன்.

இப்போது எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பெண்கள் தேசியப் பயிற்சி முகாமுக்குப் போகிறார்கள். நான் ஆடிய காலத்தில் மூன்று சுற்றுப் புள்ளியையும் கூட்டிப் பார்த்து வெற்றி சொல்வார்கள். இன்று ஒவ்வொரு சுற்றும் தனிக் கணக்கு, மூன்றில் இரண்டு எடுத்தால் போதும். எல்லாம் மாறிவிட்டது, இந்தத் தடை மட்டும் ஏன் மாறவில்லை என்று அந்த இருவரும் கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

என் ஊர் ராஜபாளையம். அப்பா விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்தார். ஆறாம் வகுப்பில் பள்ளி மைதானத்தில் வெள்ளை உடுப்புப் போட்டுக் கொண்டு சிலர் காற்றை உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நானும் போய் நின்றேன். சொல்லிக் கொடுத்தவர் தங்கையா மாஸ்டர். நூற்பாலையில் ஃபிட்டர். காலை ஷிப்ட் முடித்து, கையில் கிரீஸ் வாடை போகாமலே சைக்கிளில் வருவார். மைதானத்தில் வாரம் முழுக்க மண்ணில் பழகுவோம். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். அங்கே ஒரு மண்டபத்தில்தான் போட்டி விரிப்பு இருந்தது. அடுத்த எட்டு வருடங்களை இந்த ஒரு பத்தியிலேயே முடித்துவிடலாம்: விழுந்தேன், எழுந்தேன், மாவட்டம், மாநிலம், தேசியம். கணுக்கால் சுளுக்கினால் அப்பா தறித்துணியில் சுருள் சுற்றிக் கொடுப்பார். முகாமில் மற்ற மாநிலத்துப் பெண்கள் என் பெட்டியைத் திறந்து முதலில் தேடியது அந்தப் பேண்டேஜைத்தான்.

மாஸ்டரின் முறையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் தொடங்கியது. நூற்பாலைக்குள் எந்திரம் ஓடும்போது பேச்சு எடுபடாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஒற்றைச் சொல்லாகத்தான் கத்த வேண்டும். மாஸ்டருக்கு அந்தப் பழக்கம் மைதானத்திலும் போகவில்லை. “கை!” என்றால் தடுக்க வேண்டும். “கால்!” என்றால் உதைக்க வேண்டும். அவர் அந்தச் சொல்லை முடிப்பதற்குள், ‘ல்’ காதில் விழுவதற்கு முன், கால் இடுப்புக்கு மேல் போயிருக்க வேண்டும். பயிற்சியில் மட்டுமா? தண்ணீர் குடிக்கும்போது, செருப்பு மாட்டும்போது, நாங்கள் ஏதாவது வம்பு பேசிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து “கால்!” என்பார். தண்ணீர் சிதறும், செருப்பு பறக்கும், கால் மேலே இருக்கும்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு எந்த அளவு ஊறிப்போனது என்றால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் “முழங்கால் படியிடுவோம்” என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொடை துடிக்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “ஏட்டி, ஜெபத்துல என்னட்டி ஆட்டம்?” என்று கிள்ளுவாள்.

அந்த வேகம்தான் என்னைத் தேசிய முகாம் வரை கொண்டுபோனது. அங்கே பயிற்சியாளர் சரோஜ் மேடம், ஹரியானாக்காரர். அவர் குரல் உயர்த்தி நான் அதிகம் கேட்டதில்லை. போட்டிக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். எங்கள் பிரிவுக்கு உரிய எடைக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் ஆட முடியாது. அதற்காக வெறும் வயிற்றோடு, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடி, எச்சில்கூட விழுங்காமல் துப்பி, தராசில் ஏறி இறங்குவோம். இறங்கியதும் சரோஜ் மேடம் எதிரில் வரிசையாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தை அவரே உரித்துத் தருவார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும்படி உரிப்பார். உரித்துக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல், போன போட்டியில் செய்த தவறையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். பசியில் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். திட்டு முடிந்தால்தான் பழம். அதனால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

என் முதல் வெளிநாட்டுப் போட்டி தாய்லாந்தில். இரண்டு ஆட்டம் ஜெயித்துக் காலிறுதிக்கு வந்துவிட்டேன். அதில் ஜெயித்தால் பதக்கம் உறுதி, ஏனென்றால் எங்கள் விளையாட்டில் அரையிறுதியில் தோற்கிற இருவருக்குமே வெண்கலம். மூன்றாம் சுற்றில் நான் நான்கு புள்ளி முன்னிலை. நானும் எதிராளியான நீலக் கவசக்காரியும் மார்போடு மார்பு ஒட்டி நின்றோம். இப்படி ஒட்டிக்கொண்டால் நடுவர் ‘கல்யோ’ என்பார். கொரிய மொழியில் பிரிந்து நில் என்று அர்த்தம். அதைக் கேட்டால் இருவரும் பின்வாங்கி நிற்க வேண்டும், அதன் பிறகு உதைத்தால் குற்றம்.

இது எனக்குத் தெரியாதா? எத்தனையோ போட்டியில் கேட்ட சொல்தான். ஆனால் நம் பக்கத்து நடுவர்கள் அதைக் ‘கல்யோ’ என்று குறுக்கிச் சொல்வார்கள். கல், மண் என்பதுபோலக் கேட்கும். இந்த நடுவர் கொரியாக்காரர். முதல் எழுத்தை நீட்டி, இழுத்து, அதட்டிச் சொன்னார்: “கா...ல்!” மிச்சம் என் காதில் விழவே இல்லை. அதற்குள் என் கால் போய்விட்டது.

அவளோ நடுவர் சொன்னதைக் கேட்டுக் கையைத் தாழ்த்திவிட்டாள், பாவம். என் பாதம் அவள் தாடையில் பட்டது. பல் கவசம் தெறித்து விழுந்தது. அவள் விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். மருத்துவர் ஓடி வந்தார். உதடு கிழிந்து ரத்தம். அவளால் எழுந்து தொடர முடியவில்லை. நிறுத்தச் சொன்ன பிறகு அடித்து எதிராளியை ஆட முடியாமல் செய்தால், அடித்தவள் தோற்றவள். நடுவர் அவள் பக்கம் கையை உயர்த்தினார். அரங்கம் முழுக்க என்னைப் பார்த்துக் கூவியது. அவள் கிடந்த இடத்தின் முன்னால் குனிந்து வணங்கினேன். அவள் பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோற்றது எனக்கு வலிக்கவில்லை. நிறுத்தச் சொன்ன பிறகு அடிக்கிறவள் என்ற பேர் வந்ததே, அதுதான் வலித்தது.

முகாமுக்குத் திரும்பியதும் சரோஜ் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஆரஞ்சு. “வேண்டுமென்றே அடித்தாயா?” என்று கேட்டார். என் உடைந்த இந்தியில் விளக்கினேன். எங்கள் மொழியில் ‘கால்’ என்றால் இது, என்று காலைத் தட்டிக் காட்டினேன். என் மாஸ்டர் அதைச் சொன்னால் உதைப்போம், நடுவர் சொன்னதும் அதே மாதிரிக் கேட்டது. மேடத்தின் கையில் ஆரஞ்சுத் தோல் அறுந்தது. அப்படி அறுந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“கல் என்றால் எங்கள் இந்தியில் நாளை” என்றார் யோசித்துக்கொண்டே. பிறகு சொன்னார்: “நீ பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஆனால் பொய்யோ மெய்யோ, அடி வாங்கியவளுக்கு ஒன்றுதான். இருபது நாள் வீட்டுக்குப் போ. திரும்பி வந்ததும் உன் பின்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்வேன். கால் எழுந்தால் அணியில் உன் இடம் அடுத்தவளுக்கு.” அறுந்த தோலைத் தூர வைத்துவிட்டுப் பழத்தை என்னிடம் நீட்டினார்.

ராஜபாளையம் வந்து மைதானத்தில் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னோடு ஜோடியாகப் பழகும் அலமேலுவும் கூட நின்றாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாஸ்டர் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “என் மொறையில தப்பு கண்டுபிடிக்க அந்த அம்மா யாரு” என்று கேட்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை, அப்படிப்பட்ட ரோசக்காரர்.

“அந்தப் பிள்ளைக்கு ஒதடு சரியாயிருச்சாட்டி?” என்றுதான் முதலில் கேட்டார்.

“தையல் போட்டாகளாம் மாஸ்டர்.”

கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தப்பு எம்மேலதான். தப்பா மாட்டுன பல்சக்கரத்த மாட்டுனவந்தானே கழட்டணும். எம்புட்டு நாளு இருக்கு?”

“இருவது நாளு.”

“சரி. இன்னையிலருந்து கால்னா நில்லு. பின்னால ஒரு எட்டு வச்சு, கைய மார்புக்கு முன்னால வச்சு, சிலையா நிக்கணும். அப்பம் ஒதைக்கிறதுக்கு வேற சொல்லு வேணுமே.” எங்களைப் பார்த்தார். “ஒத்தச் சொல்லா, வெரசாச் சொல்லுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

நான் ‘அடி’ என்றேன். “ஊரே சொல்லுற சொல்லு, வேண்டாம்” என்றார். ‘உதை’ என்பது வாயில் வழுக்குகிறது என்றார். அப்போது அலமேலு தயங்கித் தயங்கி, “எங்க வீட்ல தன்னும்போம் மாஸ்டர்” என்றாள். தெலுங்கில் ‘தன்னு’ என்றால் உதை. மாஸ்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “தன்னு! தன்னு!” நாக்கு பல்லில் அடித்துத் திரும்பி வந்தது. “சோக்கா இருக்கே. கொரியாக்காரனுக்கும் தெரியாது, நம்ம ஆளுகளும் சொல்ல மாட்டாக” என்றார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ராஜபாளையத்தில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தச் சொல்தான்.

ஒரு பழக்கத்தைப் பழகுவது சுலபம், கழட்டுவதுதான் பாடு. முதல் நாலு நாளும் ‘கால்’ என்றதும் பாதம் எழுந்து, பாதி வழியில் நினைவு வந்து, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி தள்ளாடி விழுந்தேன். மாஸ்டர் என் வீட்டுக்கே வந்து அம்மாவிடம், “நாள் முழுக்க இவ காதுல அந்தச் சொல்லு விழுந்துக்கிட்டே இருக்கணும், எப்பம் சொன்னாலும் நிக்கணும்” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. சட்டினி அரைக்கும்போது, துணி காயப்போடும்போது, கால், கால் என்று ஏவிக்கொண்டே இருந்தாள்.

பதிமூன்றாம் நாளோ என்னவோ, காய்கறிச் சந்தைக்குப் போனோம். அம்மா கடைக்காரரிடம் சாதாரணமாக, “கால் கிலோ கத்திரிக்கா போடுங்க” என்றாள். நான் கூடையோடு ஒரு எட்டு பின்வாங்கி, கையை மார்புக்கு நேரே வைத்துச் சிலையாக நின்றேன். பின்னால் வந்த ஆச்சி என் மேல் மோதி, “ஏட்டி, நடுவழியில என்னட்டி கும்புடு?” என்று ஏசினாள். கத்திரிக்காய் உருண்டு ஓடியது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். “கழண்டுருச்சுட்டி” என்றாள் அம்மா. சந்தையில் நின்று இருவரும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தோம்.

முகாமில் சரோஜ் மேடம் சொன்னபடியே சோதித்தார். ஆனால் விரிப்பில் இல்லை. மூன்று நாள் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் சாப்பாட்டு வரிசையில், என் கையில் பருப்புக் கிண்ணம் நிறைய இருக்கும்போது, கழுத்துக்குப் பின்னாலிருந்து “கல்யோ!” என்றார், அந்தக் கொரிய நடுவரின் அதே இழுப்போடு. ஒரு எட்டு பின்வாங்கி அவர் கால்விரலை மிதித்து நின்றேன். பருப்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. “சரி” என்றார். நொண்டிக்கொண்டே போனார். பிறகு ஒருநாள் எடை பார்த்த கையோடு, உதைப்பதற்கு இப்போது என்ன சொல் என்று விசாரித்தார். ‘தன்னு’ என்றேன். ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே அதை முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்து மலேசியா. மறுபடியும் காலிறுதி, மறுபடியும் ஒரு வெண்கலத்தின் வாசல். இந்த முறையும் பேரைக் கெடுத்துக்கொண்டால் அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். முதல் சுற்று சமமாகப் போனது. இரண்டாம் சுற்றில் பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு குரல்: “ஏ தங்கச்சி! நம்ம ஊருப் பிள்ள! காலு! காலத் தூக்கு! கால்!”

அங்கே வேலைக்கு வந்திருந்த நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர், முதுகில் இருந்த பேரைப் பார்த்தோ பட்டியலைப் பார்த்தோ தமிழ்ப்பெண் என்று கண்டுபிடித்து, விடுமுறை நாளை எனக்காகச் செலவழிக்க வந்திருந்தார்கள். அவர்கள் அன்பில் குறையே இல்லை. “கால்! கால்!” என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். நான் ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு எட்டு பின்வாங்கிச் சிலையாக நின்றேன். எதிராளிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வந்து வந்து மார்பில் உதைத்துவிட்டுப் போனாள். ஒரு உதைக்கு இரண்டு புள்ளி. நான்கு புள்ளி பின்தங்கிச் சுற்றை முடித்தேன்.

நடுவில் ஒரு நிமிட இடைவேளை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “மேடம், மேலே இருப்பவர்கள்...” என்று தொடங்கினேன். “தெரியும்” என்றார். என் வாயிலிருந்து பல் கவசத்தை எடுத்துத் தண்ணீரில் அலசித் திரும்ப மாட்டினார். “அவர்கள் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. அவர்கள் சொல்லும்போது நில். நின்றால் அவள் உன்னை நோக்கி வருவாள். வரும்போது நான் சொல்வேன்.” வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்று. மாடத்தில் “கால்!” என்றார்கள். நின்றேன். அவள் ஆசையாக வந்தாள். குரலே உயர்த்தாத சரோஜ் மேடம் பயிற்சியாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஹரியானாக் குரலில் மண்டபம் அதிரக் கத்தினார்: “தன்னூ!” சொல் முடிவதற்குள் என் கால் அவள் தலைக்கவசத்தில் இருந்தது. மூன்று புள்ளி. அதற்குப் பிறகு மேலே “கால்!”, கீழே “தன்னூ!” என்று மாறி மாறி ஓடியது. கடைசி வினாடிகளில் மார்பில் ஒரு உதை, இரண்டு புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தேன். ஒட்டி நின்றபோது நடுவர் இரண்டு தடவை ‘கல்யோ’ சொன்னார். இரண்டு தடவையும் நான்தான் முதலில் பின்வாங்கினேன். அந்தப் புள்ளியைவிட எனக்கு அதில்தான் பெருமை.

அரையிறுதியில் செமத்தியாக வாங்கினேன், அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெண்கலத்தோடு வெளியே வந்தபோது அந்த ஏழெட்டுப் பேரும் படம் எடுக்கக் காத்திருந்தார்கள். ஒருவர் நம் ஊர்ப்பக்கத்து வ. புதுப்பட்டிக்காரராம். தொண்டை கட்டிப்போய், “நாங்க கத்துன கத்துக்குத்தான தங்கச்சி செயிச்சீங்க?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே” என்றேன். பொய்யும் இல்லை.

அன்றே மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன். பதக்கத்தின் நிறத்தைக் கேட்கவில்லை. “எந்தச் சொல்லுக்குட்டி ஒதைச்ச?” என்றார். “தன்னுக்கு மாஸ்டர்.” “அப்பம் சரி” என்று வைத்துவிட்டார். அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆடினேன், இன்னும் இரண்டு பதக்கம் வந்தது. முட்டி பேசத் தொடங்கியதும், நானே ‘கல்யோ’ சொல்லிக்கொண்டு விலகினேன். வருத்தம் ஏதும் இல்லை. என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் உடம்பிலும் அந்தச் சொல்லை உதைக்கவோ நிற்கவோ மாட்டி வைக்கக் கூடாது என்றுதான் தடை. உதைக்க எங்களுக்குத் ‘தன்னு’ இருக்கிறது, நிற்க ‘கல்யோ’ இருக்கிறது, போதும்.

மாஸ்டர் இப்போது தளவாய்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மூட்டு தேய்ந்துவிட்டது. போன வாரம் ராஜபாளையத்தில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். எங்கே வலி என்று டாக்டர் கேட்டார். மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் விரலால் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த இருபது நாள் முடிந்த பிறகு இந்த மனிதர் என் காதுபட அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. வலிக்கிற இடத்தைக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மருந்து வாங்கிக்கொண்டு ஆட்டோவைப் பிடிக்க வேகமாக முன்னால் நடந்தேன். பழக்கதோஷம், நான் நடந்தால் ஓட்டம்தான். அவர் பின்தங்கிவிட்டார், நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து, கத்தாமல், மெதுவாக ஒரு குரல் வந்தது.

“கால்.”

ஒரு எட்டு பின்வாங்கி, மாத்திரைப் பை மார்புக்கு நேரே இருக்க, தெருவில் நின்றுவிட்டேன். ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஒவ்வொரு அடியாக வந்து சேர்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டி மாட்டுனது இன்னும் ஓடுதுட்டி” என்றார்.